வாசகர் கேள்வி பதில்: இலையுதிர்கால வானத்துல என்னதான் இருக்கு?

செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும் ராத்திரி வானத்துல என்ன பாக்கலாம்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம், வந்து குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன். ராசிபலன் கேட்டவங்க மன்னிக்கணும், அதுக்கு வேற பக்கம் இருக்கு.

சார், கோடையில பால்வீதி, குளிர்காலத்துல ஓரியன்னு எல்லாரும் சொல்றாங்க. அக்டோபர்ல அண்ணாந்து பாத்தா வானம் காலியா கிடக்கு. இந்த சீசன்ல பாக்க ஒண்ணுமே இல்லையா?

காலியா இருக்குங்கறது உண்மைதான், உங்க கண்ணுல கோளாறு இல்ல. நல்லா பளிச்சுன்னு இருக்கற நட்சத்திரம்லாம் ஒண்ணு மேற்குல இறங்கிட்டு இருக்கும், இல்லன்னா கிழக்குல இப்பதான் ஏறிட்டு இருக்கும், நடுவுல ஒரு பெரிய ஏரியா சும்மா கிடக்கும். ஆனா ஏன் சும்மா கிடக்குன்னு யோசிச்சுப் பாத்தா விஷயமே வேற. நம்ம கேலக்ஸி, அதாவது பால்வீதி, ஒரு தட்டு மாதிரி, குறுக்க சுமார் 1 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு), கனம் பாத்தா ஆயிரம் ஒளியாண்டு சொச்சம்தான், நாம அந்தத் தட்டுக்குள்ளயே, மையத்துலேர்ந்து ஒரு 26,000 ஒளியாண்டு தள்ளி உக்காந்திருக்கோம். கோடை ராத்திரில தட்டோட மையத்தைப் பாத்து நிக்கறோம், குளிர்காலத்துல அதுக்கு எதிர்ப்பக்கம் தட்டோட விளிம்பைப் பாக்கறோம், ரெண்டு பக்கமும் நட்சத்திரம் மொய்ச்சுக் கிடக்கும். இலையுதிர்காலத்துல சாயங்காலம் முடிஞ்சு நாம பாக்கற திசை தட்டுக்கு வெளிய, அதாவது கீழ்ப்பக்கமா. வழியில நட்சத்திரம் கம்மி, தூசியும் கம்மி. தட்டு இருக்கற திசையில இந்தத் தூசிதான் தூரத்துல இருக்கறதையெல்லாம் மறைச்சிடும். அதனால நம்ம கேலக்ஸிக்கு வெளிய என்ன இருக்குன்னு பாக்கணும்னா இந்த காலிப் பக்கம்தான் தோது. காலியா இருக்கே காலியா இருக்கேன்னு புலம்பறவங்க எல்லாரும், வெறுங்கண்ணுக்குத் தெரியறதுலயே ரொம்ப தூரமான பொருளுக்குக் கீழதான் நின்னுட்டு இருக்காங்க. அது என்னன்னு ரெண்டு கேள்வி தாண்டி வருது.

எனக்கு ஒரு நட்சத்திரக் கூட்டம் கூட தெரியாது அண்ணா. எதுலேர்ந்து ஆரம்பிக்கறது?

சதுரத்துலேர்ந்து ஆரம்பிங்க. பெகாசஸ் சதுரம்னு பேரு, பறக்கும் குதிரையோட உடம்புன்னு படம் போட்டிருப்பாங்க, அதுல குதிரையைத் தேடாதீங்க, நாலு மூலையில நாலு நட்சத்திரம், அவ்ளோதான். செப்டம்பர் நடுவுல நடுராத்திரி, அக்டோபர் நடுவுல பத்து மணி, நவம்பர் நடுவுல எட்டு மணிக்கு அது உச்சியில இருக்கும். ஏன் மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வருதுன்னா, நட்சத்திரம் ஒவ்வொண்ணும் தினமும் நாலு நிமிஷம் சீக்கிரமா உதிக்குது, முப்பது நாள்ல ரெண்டு மணி நேரம் ஆயிடுது.

எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, சதுரத்தை சின்னதா தேடறது. கையை நேரா நீட்டி முஷ்டியை மடக்குனா அது வானத்துல சுமார் 10 டிகிரி. சதுரத்தோட ஒரு பக்கம் ஒன்றரை முஷ்டி நீளம் வரும், அவ்ளோ பெருசு. நாலும் சுமாரான வெளிச்சம், எதுவும் கண்ணைப் பறிக்காது, ஆனா உள்ள கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாததால ஒரு தடவை புடிபட்டுட்டா அப்புறம் மறக்காது. பூரட்டாதி, உத்திரட்டாதின்னு பேர் கேட்டிருப்பீங்களே, அதெல்லாம் இந்த சதுரத்தோட மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும்தான், தினசரி காலண்டர்ல படிச்சதை மேல பாத்துக்கலாம்.

சதுரத்துக்குள்ள எத்தனை நட்சத்திரம் தெரியுதுன்னு எண்ணிப் பாருங்க, உங்க இடம் எவ்ளோ இருட்டுன்னு அதுவே சொல்லிடும். ஒண்ணுமே தெரியலன்னா லைட் ஜாஸ்தி, பத்தைத் தாண்டுச்சுன்னா நீங்க குடுத்து வச்சவங்க.

இன்னொரு விஷயம், மேற்குப் பக்கக் கோட்டோட நடு பாகத்துக்குக் கொஞ்சம் வெளிய 51 பெகாசின்னு ஒரு மங்கல் நட்சத்திரம் இருக்கு, நல்ல இருட்டுல வெறுங்கண்ணுக்கே தெரியும், பைனாகுலர்ல சுலபம். சூரியன் மாதிரி இன்னொரு நட்சத்திரத்தைச் சுத்தி ஒரு கிரகம் இருக்குன்னு முதல்முதலா கண்டுபிடிச்சது அங்கதான், 1995ல, மிஷேல் மேயரும் டிடியே கெலோவும். அந்த கிரகம் நாலு நாள் சொச்சத்துல ஒரு சுத்து சுத்திடுது, அதோட ஒரு வருஷம் நம்ம ஒரு வாரம் கூட இல்ல! 2019ல ரெண்டு பேருக்கும் இயற்பியல் நோபல் குடுத்தாங்க.

தெற்குப் பக்கம் தாழ்வா தன்னந்தனியா ஒரு நட்சத்திரம் நிக்குது, சுத்திவர ஒண்ணும் இல்ல. அது கிரகமா?

இல்ல, ஃபோமல்ஹாட்ங்கற நட்சத்திரம். சதுரத்தோட மேற்குப் பக்க ரெண்டு நட்சத்திரத்தை இணைச்சு தெற்க நோக்கி மூணு மடங்கு நீட்டுனா நேரா அங்க போய் நிக்கும். 25 ஒளியாண்டு தூரம்தான், பக்கத்து வீட்டுக்காரர்னே சொல்லலாம். அதைச் சுத்தி ஒரு பெரிய தூசி வளையம் இருக்கு, அதுக்குள்ள ஒரு கிரகத்தையே போட்டோ எடுத்துட்டோம்னு 2008ல அறிவிச்சாங்க, உலகமே கொண்டாடுச்சு, அப்புறம் வருஷக்கணக்கா ஹபிள் டெலஸ்கோப்புல பாத்துட்டே வந்தா அந்தப் புள்ளி மங்கிட்டே போய் காணாமப் போச்சு. கிரகம் இல்ல, ரெண்டு பாறை மோதி கெளம்புன தூசி மேகமா இருக்கணும்னு 2020ல ஒரு ஆய்வு சொல்லுச்சு.

அதே பக்கம் நெஜமாவே ஒரு கிரகம் இருக்கு, சனி. இந்த ஒண்ணு ரெண்டு வருஷமா இலையுதிர்கால வானம்தான் அதுக்கு வாசம், 2026ல அக்டோபர் 4, 2027ல அக்டோபர் 18 அன்னிக்கு சூரியனுக்கு நேர் எதிரா வருது, அந்த சமயத்துல ராத்திரி முழுக்கத் தெரியும். மின்னாம நிதானமா ஒரு மஞ்சள் வெளிச்சம் இருந்தா அதான்.

ஆண்ட்ரோமிடா கேலக்ஸியை வெறுங்கண்ணால பாக்கலாம்னு படிச்சேன். ரெண்டு நாள் தேடியும் கிடைக்கல. போட்டோவுல அவ்ளோ அழகா சுழல் சுழலா இருக்கறது ஏன் எனக்கு மட்டும் தெரியல?

உங்களுக்கு மட்டும் இல்லம்மா, யாருக்குமே அப்படித் தெரியாது. போட்டோவுல இருக்கறது கேமராவைத் திறந்து வச்சு மணிக்கணக்கா சேர்த்த வெளிச்சம், நம்ம கண்ணு அப்படி சேர்த்து வைக்காது. நீங்க பாக்கப் போறது மங்கலா, நீள்வட்டமா, ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாத ஒரு வெள்ளைத் திட்டு, அவ்ளோதான். சுழலைத் தேடுனதால திட்டைப் பாத்தும் விட்டிருப்பீங்கன்னு நெனைக்கறேன்.

வழி சொல்றேன். சதுரத்தோட வடகிழக்கு மூலை நட்சத்திரம் ஆல்ஃபரட்ஸ். அங்கேர்ந்து வடகிழக்கா போங்க, முதல்ல ஒரு சின்னது வரும், அதை விட்டுடுங்க, அடுத்து கொஞ்சம் செவந்தாப்ல பிரகாசமா ஒண்ணு வரும், மீராக். இப்ப அங்க நின்னு இடதுபக்கமா, அதாவது வடக்க காசியோப்பியாங்கற டபிள்யூ வடிவ நட்சத்திரக் கூட்டம் இருக்கற பக்கமா திரும்புங்க. கிட்டத்தட்ட சம தூரத்துல ரெண்டு சின்ன நட்சத்திரம் வரிசையா வரும், ரெண்டாவதை ஒட்டி பக்கத்துலயே அந்தத் திட்டு. இது குழப்பமா இருந்தா காசியோப்பியாவோட டபிள்யூவைப் பாருங்க, அதுல ஒரு பள்ளம் ஆழமா கூர்மையா இருக்கும், அந்தக் கூர் நட்சத்திரம் காட்டற திசையில ஒன்றரை முஷ்டி தள்ளிப் போனா அதே இடத்துக்கு வந்துடுவீங்க. நான் எப்பவும் இந்த ரெண்டாவது வழிதான், மறக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

நிலா இல்லாத ராத்திரி வேணும், கண்ணு இருட்டுக்குப் பழக 20லேர்ந்து 30 நிமிஷம் வேணும், நடுவுல ஒரு செகண்ட் போனைத் திறந்து மெசேஜ் பாத்தாலும் மறுபடி முதல்லேர்ந்து. இன்னொரு தந்திரம், நேரா முறைச்சுப் பாக்காதீங்க, கொஞ்சம் பக்கத்துல பாத்துட்டு ஓரக்கண்ணால கவனிங்க. மங்கல் வெளிச்சத்துக்கான செல்கள் விழித்திரையோட நடுவுல கிடையாது, ஓரத்துலதான் நெறைய இருக்கு, அதனால நேரா பாத்தா மறையும், தள்ளிப் பாத்தா தெரியும்.

முழு கேலக்ஸியும் வானத்துல மூணு டிகிரி நீளம், ஆறு முழு நிலாவை வரிசையா வச்ச மாதிரி, கண்ணுக்குத் தெரியறது அதோட நடுப்பகுதி மட்டும். பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964லயே இதை ஒரு சின்ன மேகம்னு எழுதி வச்சிருக்கார், டெலஸ்கோப்புங்கற சமாச்சாரமே வர்றதுக்கு 600 வருஷம் முன்னாடி. அந்த வெளிச்சம் அங்கேர்ந்து கிளம்பி 25 லட்சம் வருஷம் ஆச்சு, அப்ப மனுஷ இனமே பூமியில இல்ல.

25 லட்சம் ஒளியாண்டுன்னு அசால்ட்டா சொல்றீங்க அங்கிள், யார் போய் டேப் வச்சு அளந்தாங்க? (பத்தாம் கிளாஸ்)

சூப்பர் கேள்வி தம்பி. அளக்கற டேப்பும் இதே வானத்துலதான் இருக்கு, காசியோப்பியாவுக்குப் பக்கத்துல மேற்க தள்ளி. சீஃபியஸ்னு ஒரு மங்கலான கூட்டம், சின்னப் பசங்க வரையற கூரை வீடு ஷேப்புல இருக்கும். அந்த வீட்டோட ஒரு மூலைக்கிட்ட மூணு நட்சத்திரம் குட்டி முக்கோணமா இருக்கும், அதுல ஒண்ணு டெல்டா சீஃபி. அது 5 நாள் 9 மணி நேரத்துக்கு ஒரு தடவை மங்கி பிரகாசமாகி மங்கி பிரகாசமாகின்னு கடிகாரம் மாதிரி ஓடிட்டே இருக்கு, ஏறும்போது மடமடன்னு ஏறும், இறங்கறதுக்கு மட்டும் நாலு நாள் எடுத்துக்கும். முக்கோணத்துல இருக்கற மத்த ரெண்டுல ஒண்ணு கொஞ்சம் பிரகாசம், ஒண்ணு மங்கல், இன்னிக்கு நம்ம ஆளு எதுக்குச் சமமா இருக்குன்னு தினமும் ஒரு நோட்டுல குறிச்சுட்டே வந்தா பத்து நாள்ல உனக்கே ஏத்த இறக்கம் புடிபடும், வெறுங்கண்ணு போதும். கண்டுபிடிச்சது ஜான் குட்ரிக், 1784ல, அப்ப அவருக்கு 20 வயசு.

இந்த ஜாதி நட்சத்திரத்துக்கு சீஃபைடுன்னே பேராயிடுச்சு. ஹென்ரியெட்டா லெவிட்னு ஒரு அம்மா ஹார்வர்டு வானாய்வகத்துல கண்ணாடித் தட்டு போட்டோக்களை உக்காந்து பாத்துப் பாத்து, துடிக்க எவ்ளோ நாள் எடுத்துக்குதோ அந்த அளவுக்கு நெஜ வெளிச்சமும் ஜாஸ்தின்னு 1912ல நிரூபிச்சாங்க. நெஜ வெளிச்சம் தெரிஞ்சுடுச்சு, நமக்கு எவ்ளோ மங்கலா தெரியுதுன்னும் அளந்துடலாம், ரெண்டையும் வச்சு தூரத்தைக் கணக்கு போட்டுடலாம் இல்லையா, அதான் டேப். 1923 அக்டோபர்ல எட்வின் ஹபிள்ங்கற வானியலாளர் மவுண்ட் வில்சன் வானாய்வகத்துல 100 இன்ச் டெலஸ்கோப்புல ஆண்ட்ரோமிடாவை போட்டோ எடுத்தாரு. அதுல ஒரு புள்ளியை நோவா, அதாவது திடீர்னு பளிச்சுன்னு எரிஞ்சு மங்கற நட்சத்திரம்னு நெனச்சு என்-னு குறிச்சவரு, பழைய போட்டோவோட ஒப்பிட்டுப் பாத்துட்டு அதை அடிச்சிட்டு, மாறும் நட்சத்திரம்னு ஆச்சரியக்குறியோட எழுதினாரு. அது சீஃபைடு. கணக்கு போட்டா சுமார் 9 லட்சம் ஒளியாண்டு, நம்ம கேலக்ஸிக்கு ரொம்ப வெளிய! அதுவரைக்கும் ஆண்ட்ரோமிடா நம்ம கேலக்ஸிக்குள்ள இருக்கற ஒரு வாயு மேகம்னுதான் பல பேர் வாதாடிட்டு இருந்தாங்க. சீஃபைடுல ரெண்டு வகை இருக்குன்னு பின்னாடி தெரிஞ்சதும் 1950கள்ல அந்த தூரம் இரட்டிப்பாச்சு, அப்புறமும் திருத்தித் திருத்தி இப்ப 25 லட்சத்துல நிக்குது. லெவிட் அம்மா 1921லயே போயிட்டாங்க, தன்னோட டேப் வச்சு என்ன அளந்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியாமலே போச்சு, அதை நெனச்சாதான் எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

ஆண்ட்ரோமிடா வந்து நம்மள மோதிடுமாமே?

400, 500 கோடி வருஷம் கழிச்சு மோதும்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. 2025ல வந்த புதுக் கணக்கு, அடுத்த 1000 கோடி வருஷத்துல மோதறதுக்கு பாதிக்குப் பாதிதான் வாய்ப்புங்குது. நீங்க நிம்மதியா தூங்குங்க.

தினமும் ராத்திரி வடகிழக்குல தாழ்வா ஒண்ணு சிவப்பு, பச்சை, நீலம்னு மாத்தி மாத்தி மின்னுது. ட்ரோன்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு சந்தேகமா இருக்கு.

உங்க சந்தேகம் சரி. அது கெப்பல்லாங்கற நட்சத்திரம். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் வந்தா இதே கேள்வி வந்துடும். அடிவானத்துகிட்ட இருக்கும்போது அதோட வெளிச்சம் ரொம்ப தடிமனான காத்தைத் தாண்டி வரணும், காத்து ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் வேற மாதிரி வளைக்கும், அந்தக் காத்து அலைபாயறதால நிறமும் அலைபாயும். ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு மேல ஏறுனப்புறம் பாருங்க, சாதுவா மஞ்சளா நிக்கும். வேடிக்கை என்னன்னா அது ஒத்த நட்சத்திரமே இல்ல, ரெண்டு பெரிய மஞ்சள் நட்சத்திரம் 104 நாளைக்கு ஒரு தடவை ஒண்ணையொண்ணு சுத்துது, தூரமா இன்னும் ரெண்டு குட்டி சிவப்பு. ட்ரோனா இருந்தா இந்நேரம் பேட்டரி தீர்ந்திருக்கும்னு வீட்ல சொல்லுங்க.

பேய் நட்சத்திரம்னு ஒண்ணு கண்ணடிக்குமாமே, நெஜமா?

ஆல்கால். பெர்சியஸ் கூட்டத்துல இருக்கு, காசியோப்பியாவுக்குக் கீழ, கிழக்குப் பக்கம். ரெண்டு நட்சத்திரம் ஒண்ணையொண்ணு சுத்துது, மங்கலான பெருசு பிரகாசமான சின்னதை நமக்கு முன்னாடி வந்து மறைக்கும்போதெல்லாம் வெளிச்சம் மூணுல ஒரு பங்கா விழுந்துடும். 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒரு தடவை, கரெக்டா. மறைய ஆரம்பிச்சு முழுசா மங்க அஞ்சு மணி நேரம், திரும்ப வர அஞ்சு மணி நேரம். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மங்கிக் கிடந்துச்சுன்னா மூணாவது நாள் ஏழு மணி வாக்குல மறுபடி பாக்கலாம். ஏன் இப்படின்னு 1783ல விளக்கம் சொன்னதும் அதே குட்ரிக்தான், 18 வயசு, பிறவியிலேயோ குழந்தையிலேயோ காது கேக்காம போன பையன். 21 வயசுல செத்தும் போயிட்டாரு. ஆல்கால், டெல்டா சீஃபி ரெண்டும் ஒரே ஆள் கண்ணுல பட்டதுன்னா அந்த ஆளோட பொறுமையைப் பாருங்க.

எரிநட்சத்திரம் பாக்க எந்த தேதி?

அக்டோபர் 21, 22 ஒட்டி ஓரியானிட்ஸ், இது ஹாலி வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசி, செகண்டுக்கு 66 கிலோமீட்டர் வேகத்துல வந்து எரியும், நடுராத்திரிக்கு மேலதான் எழுந்திருக்கணும். ஹாலி திரும்ப வர 2061 ஆகும், அதோட தூசி வருஷா வருஷம் வருது. நவம்பர் முதல் ரெண்டு வாரம் டாரிட்ஸ், எண்ணிக்கை ரொம்பக் கம்மி, ஆனா மெதுவா வந்து நல்லா பெரிய தீக்கோளமா எரியற பழக்கம் உண்டு. நவம்பர் 17 ஒட்டி லியோனிட்ஸ், 1833லயும் 1966லயும் மழையாவே கொட்டுச்சு, சாதாரண வருஷத்துல மணிக்கு பத்து பதினஞ்சு தேறுனா பெருசு. இருநூறு கொட்டும்னு பார்வர்டு மெசேஜ் வரும், நம்பி ஊரைக் கூட்டிடாதீங்க. பைனாகுலர் வேணாம், பாயைப் போட்டு மல்லாந்து படுத்துக்கிட்டு வானத்தை எவ்ளோ அகலமா பாக்க முடியுமோ பாருங்க.

செப்டம்பர், அக்டோபர் பௌர்ணமி நிலா மத்த மாசத்தை விட பெருசா இருக்குமா?

இருக்காது. அடிவானத்துல பாக்கும்போது பெருசா தெரியறது மூளை பண்ற வேலை, கையை நீட்டி சுண்டுவிரலை வச்சு மறைச்சுப் பாருங்க, உதிக்கும்போதும் மறையும், உச்சியிலயும் மறையும், அதே அளவுதான். வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. சாதாரணமா நிலா ஒவ்வொரு நாளும் சராசரி 50 நிமிஷம் லேட்டா உதிக்கும், இந்த சீசன்ல பௌர்ணமியை ஒட்டி மட்டும் வடக்கு நாடுகள்ல அது அரை மணி, அதுக்கும் கம்மி ஆயிடும், அதனால தொடர்ச்சியா நாலஞ்சு நாள் இருட்டற நேரத்துக்கே நிலா வந்து நிக்கும். பூமத்திய ரேகை பக்கம் இருக்கறவங்களுக்கு அவ்ளோ வித்தியாசம் தெரியாது.

டெலஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?

முதல்ல பைனாகுலர் வாங்குங்க. 7x50 இல்லன்னா 10x50, முதல் நம்பர் எத்தனை மடங்கு பெருசாக்கும்ங்கறது, ரெண்டாவது முன் லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல. ஆண்ட்ரோமிடா முழுசா ஒரே பார்வையில அடங்கறது பைனாகுலர்லதான், பெரிய டெலஸ்கோப்புல அதோட நடு மட்டும்தான் தெரியும். காசியோப்பியாவுக்கும் பெர்சியஸுக்கும் நடுவுல ரெட்டைக் கொத்து இருக்கு, 7,500 ஒளியாண்டு தூரத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நட்சத்திரக் கும்பல், பைனாகுலர்ல பாத்தா வாயைத் திறந்துட்டு நிப்பீங்க. அக்டோபர்ல எட்டு ஒம்பது மணிக்கு மேல கிழக்குல கார்த்திகை ஏறி வரும், வெறுங்கண்ணுக்கு ஆறு, பைனாகுலர்ல எண்ண எண்ண வந்துட்டே இருக்கும். சனியோட வளையத்துக்கு மட்டும் டெலஸ்கோப்தான், 2025 மார்ச்ல வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி கோடா நின்னுச்சு, இப்ப கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சுட்டு வருது, அதனால காசு சேர்க்க உங்களுக்கு டைம் இருக்கு.

நான் இருக்கறது பூமத்திய ரேகைக்குத் தெற்க. எங்களுக்கு அக்டோபர்னா வசந்தம். இந்தப் பக்கத்தையே கிழிச்சுடலாமா?

ஐயோ வேணாம்! அதே சதுரம் உங்களுக்கு வடக்குப் பக்கம் தலைகீழா தெரியும், ஃபோமல்ஹாட் தலைக்கு மேலயே வந்துடும். ரொம்ப தெற்க இருந்தா காசியோப்பியா கிடையாது, ஆண்ட்ரோமிடா அடிவானத்தை ஒட்டித் தலைகாட்டும். அதுக்கு ஈடா உங்களுக்கு சின்ன மெகல்லன் மேகம் இருக்கு, பேர்தான் மேகம், நெஜத்துல நம்ம பக்கத்துல இருக்கற ஒரு குட்டி கேலக்ஸி, எங்களுக்கு அது சரியா எட்டாது. லெவிட் அம்மா அந்த டேப்பைக் கண்டுபிடிச்சதே அதுல இருந்த 25 சீஃபைடுகளை வச்சுத்தான், அதனால கதையோட ஆரம்பம் உங்க பக்கம்தான் கிடக்கு.

போன்ல போட்டோ எடுக்க வருமா சார்?

வரும். போனைக் கையில புடிக்காதீங்க, ஸ்டாண்டுல இல்லன்னா ஒரு செங்கல் மேல சாய்ச்சு வைங்க, நைட் மோட் போட்டு, மூணு செகண்ட் டைமரும் போட்டுட்டு கையை எடுத்துடுங்க. டிஜிட்டல் ஜூம் பண்ணாதீங்க. காசியோப்பியா, சதுரம், கார்த்திகை எல்லாம் சுலபமா விழும், நல்ல இருட்டா இருந்தா ஆண்ட்ரோமிடா கூட ஒரு சின்னக் கறை மாதிரி வரும். ஃபிளாஷை ஆஃப் பண்ண மறந்துடாதீங்க, 25 லட்சம் ஒளியாண்டுக்கு அது எட்டாது, பக்கத்துல நிக்கறவங்க கண்ணுதான் கெடும்.